மேல் கோட்டுக்கு மேலே

எனக்கு வாய் ஜாஸ்தி. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சகாதேவன் சொல்வான். அவனுடைய மெக்கானிக் ஷெட் வாசலில் நின்று, எதிர் டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கிளாசும் கையுமாக எழுந்து வந்து வேடிக்கை பார்க்கும்படி அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியவள் நான்தான்.

“ஏன்டா சகாதேவா, ஆயில் மாத்துன்னா மாத்தணும். குடம் குடமா ஊத்தறதா யாராச்சும் வேண்டிக்கிட்டாங்களா? ஸ்கூல் புள்ளைங்க போற வண்டிடா அது. வேங்கிக்கால் தாண்டறதுக்குள்ள பின்னாடி ஒரே பொகை. கொசு மருந்து அடிக்கிற வண்டி வருதுன்னு ஜனங்க ஜன்னலச் சாத்துது!”

“அக்கா, நான் அளந்துதான்க்கா ஊத்தினேன்.”

“நீ அளந்த லட்சணம் ரோடு பூரா தெரியுது.”

என் வீட்டுக்காரர் அப்பாண்டைராஜ் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சைடு கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். சொந்த வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் தொழில். நாங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணர்கள் என்பதால் திருவண்ணாமலையில் அவரை எல்லோரும் நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டியில் ஏறிய பிள்ளைக்கு இதுவரை ஒரு சிராய்ப்பு கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிவிடுவதால் அவருக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து பேச்சு மிச்சம்.

சகாதேவன் வேனின் முன்மூடியைத் தூக்கி, எஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் நீளக் கம்பியை உருவினான். துணியால் துடைத்தான், மறுபடி உள்ளே விட்டான், எடுத்தான். கம்பியின் நுனியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அன்றைக்கு மேல் கோட்டையும் தாண்டிப் பளபளவென்று நின்றது.

“ஜாஸ்திதான்க்கா,” என்றான் அவன், குழப்பத்தோடு. “இப்படி மேல ஏறினா உள்ள சுத்தற தண்டு ஆயில்ல அடிச்சு அடிச்சு நுரை கட்டிடும். மோர் கடையற மாதிரி. அப்புறம் ஆயில் வெளிய வராம அடைக்கிற சீலெல்லாம் புட்டுக்கும்.”

வண்டிக்கு அடியில் தட்டை வைத்துப் படுத்து, போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தி, நூல் மாதிரி ஒழுகவிட்டான். எழுந்து கம்பியைப் பார்த்தான். மறுபடி படுத்தான். இரண்டு கோட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியபிறகு, அவனுக்குள் ஏதோ பொறி தட்டியது.

“நைனாரண்ணே, ஆயில் மாத்தின அன்னிக்கு நீங்க கம்பியப் பாத்தீங்களே, எங்க நிறுத்திப் பாத்தீங்க?”

அவர் ஷெட் வாசலைக் காட்டினார். அவ்வளவுதான், சகாதேவன் சிரித்துவிட்டான். அவன் ஷெட்டில் எந்த வண்டிக்கு வேலை முடிந்தாலும் மலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். இவர் எங்கள் சாமி அருகனைக் கும்பிடுகிறவர்தான். ஆனாலும் “மலை எல்லாருக்கும் மலைதானே” என்று இவரும் வண்டியை அப்படித்தான் திருப்புவார். அந்த வாசல் மலைப்பக்கம் நல்ல ஏற்றம்.

“மூக்கத் தூக்கிக்கிட்டு நின்னா ஆயிலு பின்னால ஒதுங்கிக்கும். கம்பி கம்மியாத்தான் காட்டும். அண்ணன் கம்மின்னு நெனச்சு மேல ஊத்தியிருக்காரு. என்னாண்ணே?”

“ஆமா,” என்றார் இவர். “கொஞ்சம் ஊத்தினேன்.”

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? சகாதேவனை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினேன். “மலையக் கும்பிடுங்க, வேணாங்கல. அதுக்காக வண்டிக்கு ஆயில் அபிஷேகமா பண்ணுவாங்க?” டீக்கடைக் கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார்.

திரும்பி வரும்போது மட்டும் மனதில் ஒன்று உறுத்தியது. மேட்டில் நிறுத்திக் கம்பி பார்க்கிற டிரைவர்களை நடுரோட்டில் இறங்கிப்போய்த் திட்டுகிற ஒரே மனுஷன் இவர்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அடுத்த பௌர்ணமி போயிற்று. மறுபடி புகை. “சகாதேவன் சரியில்ல குசுமா, ஏதோ தில்லுமுல்லு பண்றான்” என்று இவர் சொல்லிவிட்டார். எனக்கு அது போதாதா? மறுபடி ஷெட், மறுபடி டீக்கடைக் கூட்டம். இந்தத் தரம் சகாதேவன் தன் பிள்ளை தலைமேல் சத்தியம் பண்ணினான். கம்பியைத் துடைத்து விட்டு எடுத்தவன், நுனியில் இருந்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அக்கா, மாத்தின ஆயிலு இத்தினி நாள் ஓடினா கறுத்துடும். இது தெளிவா கீது. புதுசா யாரோ ஊத்தறாங்க. வண்டியாண்ட யாராச்சும் வந்து போறாங்களா பாருங்க.”

அடப்பாவிகளா, என்று கொதித்துப்போனேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில்தான் வேன் நிற்கும். பிள்ளைகளைப் பிடிப்பதில் மற்ற வேன்காரர்களுக்கு இவர்மேல் பொறாமை உண்டு. அவர்களில் எவனோ ஒருவன்தான், கையும் களவுமாகப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று வைத்தால்தான் அடங்குவான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் விடிந்ததும் சமையல்கட்டு ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டேன். கையில் கரண்டி.

யாரும் வரவில்லை. இவர்தான் வந்தார். எவர்சில்வர் டம்ளர் ஒன்று கையில் இருந்தது.

அந்த டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயில் மாற்றும்போது கூடவே புது ஃபில்டரும் போடுவார்கள். எஞ்சின் முதலில் ஓடும்போது அந்த ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடித்துவிடும், அளவு இறங்கும். அதனால் ஆயில் மாற்றிய மறுநாள் காலை இவர் ஒரு டம்ளர் ஆயிலை ஊற்றிச் சரிக்கட்டுவார். ‘ஃபில்டரோட பங்கு’ என்று அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார். ஒவ்வொரு ஆயில் சர்வீசுக்கும் ஒரே ஒரு டம்ளர், மறுநாள் காலையில், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் டம்ளரைத் துடைத்துப் பரணில் போட்டுவிடுவார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பியை எடுக்கவில்லை. முன்மூடியைத் தூக்கினார், கேனிலிருந்து டம்ளரில் பிடித்தார், ஊற்றினார், மூடினார். உள்ளே வந்து கை கழுவினார், காப்பி குடித்தார், சட்டையை மாட்டினார். சாவியை எடுக்க ஆணிக்குப் போனவர் அங்கேயே நின்று, “அடடா” என்று சொல்லிக்கொண்டு, மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கரண்டியோடு ஓடினேன்.

“என்னாங்க, எதுக்கு ஊத்தறீங்க?”

“ஃபில்டரோட பங்கு குசுமா. நேத்துதானே ஆயில் மாத்தினோம்.”

“நேத்தா?”

“ஆமா. சகாதேவன் ஷெட்ல. எலுமிச்சம்பழம்கூட வெச்சானே.”

என்னை வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன். “வெளையாடற வயசா இது? போன பௌர்ணமிக்கு முன்னாடி மாத்தினதுங்க. நேத்தாம் நேத்து!” என்று டம்ளரைப் பிடுங்கினேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “ஓ, ஆமால்ல?” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். கேனைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். சகாதேவனை இரண்டு தரம் திட்டியது வீண் என்பதுதான் அப்போது என் கவலை. எனக்கு எங்கே தெரியும்?

அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

எங்கள் வழக்கத்தில் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிட மாட்டோம். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு சோற்றோடு போய்விடக் கூடாது என்று வைத்த விரதம் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள், எங்கள் பெண் த்ரிசலாவே பெங்களூரில் ராத்திரிதான் சாப்பிடுகிறாள். இவர் விட்டதில்லை. கல்யாண வீடு, ரயில், ஆஸ்பத்திரி, எங்கே இருந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே கை நனைத்து எழுந்துவிடுவார். ஒரு தரம் வேன் பஞ்சராகிச் செங்கம் ரோட்டில் மாட்டிக்கொண்டு இருட்டிய பிறகு வந்தவர், நான் கெஞ்சிக் கூத்தாடியும் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

அன்றைக்கும் வெளிச்சத்திலேயே சாப்பிட்டார். புடலங்காய்க் கூட்டு, ரசம். இரண்டாவது தரம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து விளக்கு ஏற்றினேன், வாசலில் தெருவிளக்கும் எரிந்துவிட்டது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து சமையல்கட்டில் மணையைப் போட்டு உட்கார்ந்தார்.

“குசுமா, தட்டு வை. பசிக்குது.”

என் வாய் முதலில் முந்திக்கொண்டது. “என்னா கூத்து இது? வெளக்கு வெச்சாச்சு, இப்ப போய்ச் சோறு கேக்கறீங்க? இப்பதானே சாப்ட்டு எழுந்தீங்க!”

அவர் கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே இருட்டு.

“இருட்டிடுச்சா?” என்றார்.

தீபத்துக் கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? அழத் தொடங்குவதற்கு முன்னால் அதன் முகம் இருக்குமே, அப்படி இருந்தது அவர் முகம். கம்பியும் ஆயிலும் டம்ளரும் ‘நேத்துதானே’வும் அந்த ஒரு நொடியில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அருகனே, என் புருஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே பேசினார்.

“கொஞ்ச நாளா இப்படித்தான் ஆவுது. ரோடு தெரியுது. ஆனா எங்க போய்க்கினு இருக்கோம்னு சட்டுனு தெரிய மாட்டேங்குது. அப்புறம் வந்துடுது.” பிறகு என் கையை இறுக்கினார். “த்ரிசலாகிட்ட சொல்லாத. வண்டிய வித்துடுன்னுவா. வண்டி இல்லன்னா நான் காலையில எழுந்து என்னா பண்ணுவேன், குசுமா?”

சொல்ல மாட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

தூக்கம் போதவில்லை, வெயில், வயசு என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். வல்லாரையைத் துவையலாக அரைத்தேன், பருப்போடு கடைந்தேன், போதும் போதும் என்று அவர் கும்பிடும் வரைக்கும் போட்டேன். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒத்தாசை என்று சொல்லி நானும் தினமும் வேனில் ஏறிக்கொண்டேன். எந்தத் திருப்பத்தில் தயங்குவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. “லெஃப்டுல அந்தப் புதுக் கடையப் பாருங்க” என்று சும்மா பேசுவதுபோலச் சொல்வேன், வண்டி லெஃப்டில் திரும்பும். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பைத்தியக்காரி.

எனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு அவர் தனியாகப் போனார். போர்வைக்குள் கிடந்தவளுக்கு போன் வந்தது.

“ஆன்ட்டி, நான் சினேகா பேசறேன். வேங்கிக்கால் சினேகா.”

நினைவு வந்தது. எங்கள் வேனில் எல்.கே.ஜி.யிலிருந்து பள்ளி முடிக்கும் வரைக்கும் போன பெண். இப்போது காலேஜும் முடித்து, கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போகிறாள்.

“அங்கிள் எங்க வீட்டு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சுக்கினே இருந்தாரு ஆன்ட்டி. நான் வெளிய வந்தா, ‘சீக்கிரம் ஏறும்மா, லேட்டாவுது’ன்றாரு. வண்டி பூரா சின்னப் பசங்க. அவங்கல்லாம் பயந்துபோயிட்டாங்க. அதனால நானும் ஏறி உக்காந்துட்டேன்.”

“ஏறிட்டியா?”

“ஆமா ஆன்ட்டி. ஸ்கூல் வரைக்கும் வழி சொல்லிக்கினே போனேன். பசங்கள எறக்கி விட்டாச்சு. ‘ஏன்மா இன்னிக்கு யூனிஃபார்ம் போடல?’ன்னு கேட்டாரு. தொவைக்கப் போட்டிருக்கேன் அங்கிள்னு சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள். நானும் அழுதேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம்.

காய்ச்சலோடு எழுந்தேன். எனக்கு என் புருஷன் பெரிசுதான். ஆனால் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றையும் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள். “நைனார் வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு அனுப்பலாம்” என்று அனுப்புகிறாள். ஒன்று ஆகிவிட்டால் அவள் மூஞ்சியில் நான் எப்படி விழிப்பது? ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போனேன். நான் இறங்குவதைப் பார்த்து டீக்கடையில் இரண்டு பேர் ஆவலாக எழுந்தார்கள். நான் சத்தம் போடாததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சகாதேவனிடம் சொன்னேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை அவன் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“இனிமே இந்த வண்டி ஓடாதுன்னு நீதான்டா அவருகிட்ட சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாரு.”

“பொய் சொல்லத் தேவையில்லக்கா,” என்றான். “ஜாஸ்தி ஆயில்ல ஓட்டி ஓட்டி சீல் நெஜமாவே போய்டுச்சு. ஒழுவுது. நானே சொல்லலாம்னு இருந்தேன். சரி பண்ணிடலாம், ஆனா…”

“சரி பண்ணாத,” என்றேன்.

மறுநாள் நானும் கூடவே ஏறி, பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவரச் செய்தேன். காலையில் அவர் எனக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து கேனை எடுத்து ஊற்றியிருக்க வேண்டும். சகாதேவன் கம்பியை எடுத்துக் காட்டினான். மேல் கோட்டுக்கு மேலே, நுரையோடு நின்றது ஆயில்.

“அண்ணே, இனிமே இது ரோட்டுல போவக் கூடாதுண்ணே. சீல் போயிடுச்சு. ஆயில் இப்படி நின்னா ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?”

இவர் கம்பியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. “எவன்டா இவ்ளோ ஊத்தினது?”

சகாதேவன் தலையைக் குனிந்துகொண்டான். “நான்தாண்ணே…” என்று அவன் ஆரம்பிப்பது எனக்குக் கேட்டது. பாவி, பழியை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிட்டான். அதே நேரத்தில் இவர் கம்பியிலிருந்து கண்ணை எடுத்துத் தன் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் புது ஆயில். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எங்கேயோ ஒரு நினைவு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தால் தாங்க மாட்டார்.

“நான்தாங்க,” என்றேன்.

“என்னா?”

“நான்தாங்க ஊத்தினேன். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு தெனம் காலையில ஊத்தினேன். தெரியாமப் பண்ணிட்டேன்.”

முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பொய் சொல்லக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவள் நான். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு கத்தினார். வாழ்க்கையில் ஒரு நாள்கூட என்மேல் குரல் உயர்த்தாத மனுஷன், நடு ஷெட்டில், டீக்கடையே கேட்க, “உனக்கு எதுக்குடி இந்த வேலை? எஞ்சின்னா உனக்கு அடுக்களைப் பாத்திரமா? கொன்னுட்டியேடி என் வண்டிய!” என்று கத்தினார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். சகாதேவன் உள்ளே போய்விட்டான்.

ஆட்டோவில் வரும்போது அவரே என் கையைப் பிடித்தார். “அழாத. தெரியாமதானே பண்ணே.”

பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள். த்ரிசலாவிடம் சொன்னேன். ஓடி வந்தாள், டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நோய்க்கு ஒரு பேர் சொல்லி, போனது திரும்பாது, இருப்பதை மாத்திரையால் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம் என்றார். சகாதேவன் வேனைக் கட்டி இழுத்துவந்து காலி மனையில் அதே இடத்தில் விட்டான்.

ஆனால் வண்டி நின்றுபோனது இவர் மனசில் நிற்கவில்லை. தினமும் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாவியை ஒளித்து வைத்தேன். திருடன் வந்துவிட்டான் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, கடைசியில் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பேட்டரியைக் கழற்றினோம். தெருவில் போகிறவர்களையெல்லாம் வண்டி தள்ளக் கூப்பிட்டார். விற்றுவிடலாம் என்று த்ரிசலா ஒருவனைக் கூட்டி வந்தாள். இவர் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டும் வரைக்கும் இறங்கவில்லை. இருட்டிவிட்டதால் அன்றைக்குச் சாப்பாடும் இல்லை. “வேணாம்மா, விட்டுடு” என்று த்ரிசலாவை ஊருக்கு அனுப்பினேன். பேட்டரியைத் திரும்ப மாட்டச் சொல்லி, சாவியையும் ஆணியில் மாட்டினேன்.

வண்டியை எடுக்காமல் இருக்க அவர் ஏற்றுக்கொள்கிற காரணம் ஒன்றே ஒன்றுதான் என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. காலையில் கம்பியை எடுப்பார். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே நிற்கும். அப்படி நிற்கிற வண்டியை அவர் ஸ்டார்ட் பண்ண மாட்டார். எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை. சாவியை ஆணியிலேயே மாட்டிவிடுவார்.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. சீல் போன எஞ்சின் சும்மா நின்றாலும் சொட்டுச் சொட்டாக ஒழுகும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் காலையில் வெளியே இருந்து சந்தோஷமான குரல் வந்தது. “குசுமா, லெவல் கரெக்டா இருக்குது. கெளம்பறேன்!” எஞ்சின் சத்தம் கேட்டது. மாவுக் கையோடு ஓடினேன். வேன் தெருமுனைக்குப் போய்விட்டது, பின்னால் நீலப் புகை. குறுக்கே ஓடிப்போய் முன்னால் நின்றேன். பிரேக் போட்டார்.

“பௌர்ணமிங்க இன்னிக்கு!” என்று கத்தினேன். “கிரிவலத்துக்கு ரோடெல்லாம் அடச்சாச்சு. வண்டி வுட மாட்டாங்க!”

“ஓ, ஆமால்ல,” என்றார். ரிவர்ஸ் எடுத்தார். அன்றைக்கு வளர்பிறை நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ.

அன்று மத்தியானம் அவர் கண் அசந்ததும், பரணிலிருந்து அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். வேனின் முன்மூடியைத் தூக்கினேன். கம்பியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் அழகாக நின்றது ஆயில். ஊற்றினேன். பொறுத்தேன், துடைத்தேன், பார்த்தேன், இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மேல் கோட்டைத் தாண்டும் வரைக்கும் ஊற்றினேன். ஒழுக ஒழுக, இன்றைக்கு வரைக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். ஆகையால் நான் சொன்ன பொய் இப்போது பொய் இல்லை.

தினமும் காலையில் கம்பியும் கையுமாக வருவார். “யாருடி இவ்ளோ ஆயில் ஊத்தினது?”

“நான்தாங்க.”

சில நாள் கத்துவார். சில நாள் என்னை வெளியே கூட்டிப்போய்ப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். “இங்க பாரு குசுமா. மொதல்ல வண்டி சமமான எடத்துல நிக்கணும். மலையப் பாத்தெல்லாம் நிறுத்தக் கூடாது. ஓட்டிட்டு ஆஃப் பண்ணா கொஞ்ச நேரம் பொறுக்கணும், ஆயில் கீழ எறங்கணும். கம்பிய ஒரு தடவ தொடச்சுட்டுத்தான் பாக்கணும். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. புரியுதா?” புரியுதுங்க என்பேன். இன்றைக்குத்தான் முதல் தரம் கேட்கிறவள் மாதிரி கேட்பேன். ஒரு வார்த்தைகூட மாறாது.

இன்றைக்குக் காலையில் அவர் சத்தம் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். ஆயில் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டு கேட்ட அன்றைக்கு இருந்த அதே முகம்.

“குசுமா, ஆயில் மேல் கோட்டுக்கு மேல நிக்குது,” என்றார் மெதுவாக. “நானா ஊத்தினேன்? எனக்கு ஞாபகமே இல்லடி.”

கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தேன். “நீங்க அப்படிப் பண்ற ஆளா? நான்தாங்க ஊத்தினேன். அருகன் சத்தியமா நான்தான்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து மூச்சை விட்டார்.

“அப்பாடா,” என்றார். “நீதானா.”

அதற்கப்புறம் நன்றாகத் திட்டினார். அறிவு இருக்கிறதா என்று கேட்டார், இனிமேல் வண்டிப் பக்கமே வராதே என்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் நின்று கேட்டுக்கொண்டேன்.